வாடகை அதேதான், விலை மட்டும் ஏன் இறங்கியது?

2022 மே 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, வழக்கமான கூட்டத்துக்குக்கூடக் காத்திருக்காமல், ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40-க்கு ஏற்றியது. அன்று தொடங்கி 2023 பிப்ரவரி 8 வரை ஆறு தடவை ஏற்றி, 6.50-இல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வீட்டுக் கடன் வாங்கியவர்களின் புலம்பல் அந்த ஒன்பது மாதமும் ஊர் முழுக்கக் கேட்டது. பெரிதாகச் சத்தம் போடாமல் அடி வாங்கிய இன்னொரு கூட்டமும் இருந்தது. ரீட் யூனிட் வைத்திருந்தவர்களைச் சொல்கிறேன்.

எம்பசி ஆபீஸ் பார்க்ஸ்தான் இந்தியாவின் முதல் ரீட். 2019 ஏப்ரலில் யூனிட் 300 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. 2022 மார்ச் கடைசியில் அதன் விலை 370 பக்கம். அடுத்த வருட மார்ச்சில் 310 பக்கம். ஆனால் யூனிட் ஒன்றுக்கு அவர்கள் பிரித்துக் கொடுத்த பணம் 2021-22-லும் சுமார் 22 ரூபாய், 2022-23-லும் சுமார் 22 ரூபாய். வந்த வாடகைப் பணத்தில் குறையில்லை. விலை மட்டும் அறுபது ரூபாய் காணாமல் போயிருந்தது. இது எப்படி என்று பலர் கேட்டுவிட்டார்கள். "வட்டி ஏறினால் ரீட் விழும், அவ்வளவுதான்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த ஒரு வரியில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் கட்சி. மீதிப் பாதியை எழுதத்தான் இந்தப் பதிவு.

ரீட் புதிது என்பவர்களுக்காகச் சுருக்கமாக: பெரிய ஆபீஸ் வளாகங்களையும் மால்களையும் ஒரு டிரஸ்டின் கீழ் கொண்டுவந்து, அதன் யூனிட்டுகளைப் பங்கு மாதிரியே சந்தையில் விற்பது. நாம் தினமும் கடந்துபோகிற இடங்கள்தான். போரூர் கமர்ஸோன் மைண்ட்ஸ்பேஸ் ரீட்டைச் சேர்ந்தது. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரோட்டில் இருக்கும் ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோனை 2024-இல் எம்பசி வாங்கியது. வடபழனி விஜயா மால் நெக்சஸ் வசம். தரமணி இன்டர்நேஷனல் டெக் பார்க்கின் உடைமை டிரஸ்ட் சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சட்டப்படி அது ரீட் அல்ல, பிசினஸ் டிரஸ்ட், ஆனால் செய்கிற வேலை அதேதான். செபி 2014-இல் போட்ட விதிப்படி, சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை வருகிற கட்டடமாக இருக்க வேண்டும். பிரித்துக் கொடுக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தே தீர வேண்டும். கடன், கையிருப்புப் பணம் போக, சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடைசியாகச் சொன்ன 49-ஐ மறந்துவிடாதீர்கள், அதற்குத் திரும்பி வருவேன்.

முதல் அடி எங்கிருந்து விழுகிறது என்பதை எனக்கு விளக்கியவர் எங்கள் பெரியப்பா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2023 கோடையில் அவரிடம் ரீட் பற்றிப் பேச்செடுத்தேன்.

"எவ்வளவுப்பா வரும்?"

"ஆறு, ஆறரை சதவீதம் வரும் பெரியப்பா. அதுபோக விலையும் ஏறலாம்."

"இறங்கவும் செய்யலாம் இல்லையா? போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் ஸ்கீம் எட்டே கால் கிட்ட குடுக்கறான். அசல் எங்கேயும் போகாது. நான் எதுக்குடா ஐடி கம்பெனி பில்டிங்கை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி முழிச்சிருக்கணும்?"

எந்த ஆய்வாளரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2022 செப்டம்பர் வரை 7.4, 2023 ஜனவரியில் 8, ஏப்ரலில் 8.2. ஸ்டேட் பாங்க் 'அம்ரித் கலஷ்' என்ற பெயரில் 400 நாள் டெபாசிட்டுக்கு 7.10 கொடுத்தது. பத்து வருட அரசுப் பத்திரம் 2021 நடுவில் 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2022 ஜூனில் 7.6 வரை போனது. பயமே இல்லாத இடத்தில் ஏழரை கிடைக்கும்போது, பயமுள்ள இடத்தில் ஆறை யார் வாங்குவார்கள்? ரீட் தன் வாடகையை ஒரே நாளில் ஏற்ற முடியாது. ஆக, விலைதான் இறங்க வேண்டும். 22 ரூபாய்க்கு 370 கொடுத்தால் 5.9 சதவீதம். அதே 22-க்கு 310 கொடுத்தால் 7.1. பெரியப்பா மாதிரி ஆயிரம் பேர் "வேண்டாம்" என்று சொன்னதன் விலை அந்த அறுபது ரூபாய்.

இந்த அடி கண்ணுக்குத் தெரிகிறது, தினமும் திரையில் ஓடுகிறது, அதனால் எல்லாரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் இதில் யாருடைய பணமும் நிரந்தரமாகப் போய்விடவில்லை. வட்டி இறங்கினால் கணக்கு தலைகீழாகத் திரும்பிவிடும். எனக்குக் கவலை தருவது திரையில் தெரியாத மற்ற இரண்டு அடிகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடம் 8 கோடி நிகர வாடகை தரும் ஒரு கட்டடம். சந்தையில் இந்த மாதிரிக் கட்டடத்தை வாங்குகிறவர்கள் 8 சதவீத வருமானம் போதும் என்றால் அதன் மதிப்பு 100 கோடி. இந்தச் சதவீதத்தைத்தான் கேப் ரேட் என்கிறார்கள். வட்டி ஏறிய பிறகு வாங்குகிறவர் 9 கேட்கிறார். அதே 8 கோடி வாடகைக்கு மதிப்பு கிட்டத்தட்ட 89 கோடிதான். ஒரு ஜன்னல்கூட உடையவில்லை, ஒரு வாடகைதாரர்கூடக் காலி செய்யவில்லை, 11 கோடி போய்விட்டது.

கடனே இல்லையென்றால் யூனிட்தாரருக்கும் 11 சதவீதம்தான் நட்டம். 30 கோடி கடன் இருந்தால்? யூனிட்தாரரின் பங்கு 70 கோடியிலிருந்து 59 ஆகிறது, 16 சதவீதம் சரிவு. 45 கோடி கடன் என்றால் 55 கோடி 44 ஆகிறது, 20 சதவீதம் போச்சு. இன்னொன்றையும் கவனியுங்கள். 100 கோடிச் சொத்துக்கு 45 கோடிக் கடன் என்பது 45 சதவீதம். சொத்து 89 கோடி ஆனதும் அதே கடன் 50 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. புதிதாக ஒரு ரூபாய்கூட வாங்காமலே 49 என்ற கோடு தாண்டப்பட்டுவிட்டது! கோட்டைத் தாண்டினால் அடுத்துக் கடன் வாங்க முடியாது. கட்டடத்தை விற்க வேண்டும், அல்லது மட்டமான விலைக்குப் புது யூனிட் வெளியிட்டு ஏற்கெனவே இருப்பவர்களின் பங்கைக் கரைக்க வேண்டும். இரண்டுமே வட்டி உச்சத்தில் இருக்கும்போது, அதாவது செய்யவே கூடாத நேரத்தில், செய்ய வேண்டியதாகிவிடும்.

மூன்றாவது அடி, அந்தக் கடனுக்கே கட்டுகிற வட்டி. 7 சதவீதத்தில் இருந்த கடன் 8.5-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கோடிக் கடன்காரர் முன்பு 2.1 கோடி கட்டினார், இப்போது 2.55 கோடி. பிரித்துக் கொடுக்க மிஞ்சுவது 5.9 கோடியிலிருந்து 5.45 ஆகிறது, 8 சதவீதம் குறைவு. 45 கோடிக் கடன்காரருக்கு மிஞ்சுவது 4.85-லிருந்து 4.17 பக்கம், 14 சதவீதம் குறைவு. கட்டடம் ஒன்று, வாடகை ஒன்று, கடன் மட்டும் வேறு. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழுகிற தொகை மெலிகிறது.

இந்த மூன்றாவது அடி எப்போது விழும் என்பது கடன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரெப்போவோடு கட்டிப்போட்ட வங்கிக் கடன் என்றால் உடனே விழும். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று நிலையான வட்டியில் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தால், அது முதிர்ந்து புதுப்பிக்கிற நாள்வரை நிம்மதி. 2021-இல் மலிவாகக் கடன் பத்திரம் போட்டவர்களை 2022-இன் வட்டி உயர்வு தொடவில்லை. 2024, 25-இல் புதுப்பிக்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கும். ஆகவே வட்டி ஏறிய வருடத்தில் பகிர்ந்த தொகை குறையவில்லையே என்று தெம்பாக இருப்பதில் அர்த்தமில்லை. பில் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

கணக்கை விட்டு நடந்ததற்கு வருவோம். 2023-இல் நம் ரீட்களின் கடன் அளவு, சொத்து மதிப்போடு ஒப்பிட்டால், நெக்சஸ் 15 சதவீதத்தை ஒட்டி, மைண்ட்ஸ்பேஸ் 20-க்கும் கீழே, எம்பசி 30 பக்கம், புரூக்ஃபீல்டு அதற்கும் மேலே. விலை எப்படி நடந்துகொண்டது? 2022 மார்ச்சிலிருந்து ஒரு வருடத்தில் மைண்ட்ஸ்பேஸ் 346-லிருந்து 327 பக்கம், சும்மா ஒரு கீறல். எம்பசியின் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். புரூக்ஃபீல்டு 2021 பிப்ரவரியில் 275-க்கு வெளியானது. 2023-இன் இரண்டாம் பாதியில் 240, 250 என்று வெளியீட்டு விலைக்கும் கீழே திரிந்தது. கடன் வரிசையும் அடி வரிசையும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் அதே காலத்தில் வேறு இரண்டு விஷயங்களும் நடந்தன. எம்பசியின் இடத்தில் சுமார் 85 சதவீதத்தில்தான் ஆள் இருந்தார்கள், புரூக்ஃபீல்டில் அதைவிடக் குறைவு. வீட்டிலிருந்தே வேலை என்பது ஒரு காரணம். இன்னொன்று, சிறப்புப் பொருளாதார மண்டலம். அங்கே புதிதாக வருகிற நிறுவனங்களுக்கான வருமான வரிச் சலுகை 2020-உடன் முடிந்துபோனது. சலுகைக்காகவே அங்கே போனவர்கள் இனி எதற்குப் போவார்கள்? மண்டலத்துக்குள் இருந்த மாடிகள் காலியாகக் கிடந்தன. வெளியே இடம் கேட்டு வருகிறவர்களுக்கு அந்த மாடிகளைக் கொடுக்கவும் வழியில்லை. மாடி வாரியாக மண்டலத்திலிருந்து பிரித்துக்கொள்ளலாம் என்ற விதி 2023 டிசம்பரில்தான் வந்தது.

இரண்டாவது, 2023 பட்ஜெட். ரீட் கொடுக்கும் பணம் ஒரே பெயரில் வருவதில்லை. கொஞ்சம் டிவிடெண்ட், கொஞ்சம் வட்டி, கொஞ்சம் 'கடன் திரும்பச் செலுத்தியது' என்று பிரித்து வரும். கடைசி ரகத்துக்கு அதுவரை வரியில்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி அதற்கும் வரி என்றார்கள். மார்ச்சில் கொஞ்சம் இளகி, அதை வாங்கிய விலையில் கழித்துக்கொள்ளுங்கள், வெளியீட்டு விலையைத் தாண்டினால்தான் உடனடி வரி என்று திருத்தினார்கள். திருத்தம் வருவதற்குள் விற்றவர்கள் விற்றுவிட்டார்கள். ரிசர்வ் வங்கி ஏற்றிய இரண்டரை சதவீதத்தின் தலையில் இந்த இரண்டு பழியையும் சேர்த்துப் போடுவது நியாயமில்லை.

வட்டியும் காலி மாடியும் சேர்ந்து, கூடவே கடனும் கழுத்துவரை இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். அங்கே ரீட் என்பது நம் ஊர் ஃபிக்சட் டெபாசிட் மாதிரி, டாக்ஸி ஓட்டுநர்கூட வைத்திருப்பார். மனுலைஃப் யுஎஸ் ரீட் 2016-இல் யூனிட் 83 அமெரிக்க சென்ட்டுக்கு அங்கே வெளியானது. கட்டடங்கள் முழுக்க அமெரிக்காவில். அமெரிக்க ஃபெட் 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50-க்குக் கொண்டுபோனது. அமெரிக்க ஆபீஸ்களுக்கோ ஊழியர்கள் திரும்பி வரவே இல்லை. கட்டடங்களை மறுமதிப்பீடு செய்தார்கள், மதிப்பு சரிந்தது, கடன் விகிதம் தானாக ஏறியது, 2023 ஜூலையில் வங்கிகளோடு போட்ட கடன் ஒப்பந்த நிபந்தனை மீறப்பட்டது. பகிர்ந்தளிப்பு நின்றது. அந்த வருடக் கடைசியில் யூனிட் விலை 10 சென்ட்டுக்கும் கீழே. நான் மேலே 45 கோடிக் கடன் வைத்துப் போட்ட கணக்கு ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்திருந்தால், இவர்களைப் பாருங்கள். அடுத்த பிப்ரவரியில் கெப்பல் பசிபிக் ஓக் யுஎஸ் ரீட்டும் பகிர்ந்தளிப்பை நிறுத்தியது. காலாண்டு வரும், அரையாண்டு வரும் என்று அதை நம்பியிருந்த ஓய்வூதியக்காரர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

நம் ஊர் ரீட்களுக்கு அந்த நிலை வராததற்குக் காரணம் நம் நிர்வாகிகள் மகா புத்திசாலிகள் என்பதல்ல. கடன் குறைவாக இருந்தது, வாடகைக்கு ஆள் இருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வட்டி ஏன் ஏறுகிறது? விலைவாசி ஏறுவதால். பொருளாதாரம் ஓடிக்கொண்டிருப்பதால் ஏறுகிற விலைவாசி என்றால், ஆபீஸ் இடத்துக்கும் ஆள் வருவார்கள். நம் ஊர் ஆபீஸ் குத்தகை பெரும்பாலும் ஒன்பது வருடம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏற்றம் என்று எழுதப்படுகிறது. வாடகைதாரருக்கு லாக்-இன் முடிந்ததும் கிளம்பும் உரிமை உண்டு. கிளம்பினால் அந்த இடம் சந்தை வாடகைக்குப் போகும். பழைய வாடகை மலிவாக இருந்திருந்தால் ரீட்டுக்கு அதுவும் லாபம்தான். மாலில் இன்னும் நேரடி: குறைந்தபட்ச வாடகையோடு, கடையின் விற்பனையில் ஒரு பங்கும் வரும். சட்டை விலை ஏறினால் மால்காரருக்கும் ஏறும்.

கட்டுமானக் கடனும் வட்டியோடு சேர்ந்து ஏறுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பக்கத்து மனையில் புதுக் கோபுரம் எழுப்ப நினைத்தவர் தள்ளிப்போடுகிறார். மூன்று வருடம் கழித்து, இருக்கிற கட்டடத்துக்குப் போட்டி குறைவு. வட்டி உயர்வின் நல்ல பக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், ஆனால் பலன் கிடைக்கிறவரை காத்திருக்கத் தெம்பு வேண்டும்.

2024-ஐப் பாருங்கள். வருடம் முழுக்க ரெப்போ 6.50-இலேயே நின்றது, கால் சதவீதம்கூட இறங்கவில்லை. எம்பசியின் விலையோ அந்த வருடமே ஏறத் தொடங்கிவிட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே தங்கள் சொந்த மையங்களைத் திறக்க இடம் தேடி வந்தன, மாடிகள் நிரம்பின. வட்டி 2025 பிப்ரவரியில்தான் இறங்க ஆரம்பித்து, டிசம்பரில் 5.25-க்கு வந்தது. எம்பசி அந்த வருடத்தில் 400-க்கு மேலே போனது. வட்டிக் குறைப்பைக் கொண்டாடியவர்கள் அதற்கு முந்தின வருட ஏற்றத்துக்கு என்ன காரணம் சொல்வார்கள்?

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டும் ஓர் உதாரணமும் இருக்கிறது. மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு இரண்டும் வெளியானபோது ரெப்போ 4 சதவீதம். சொத்தை விற்கிறவருக்கு அதைவிட நல்ல நேரம் ஏது? வட்டி குறைவு, விலை அதிகம். நெக்சஸ் வெளியானது 2023 மே, ரெப்போ 6.50, உச்சம். பத்திரிகைகளில் அப்போது ரீட் என்றாலே சோக கீதம்தான். 100 ரூபாய்க்கு வெளியான யூனிட் ஒரு வருடத்துக்குள் 120-ஐத் தாண்டியது. கடன் குறைவு, மாலில் கூட்டம், உச்ச வட்டியை ஏற்கெனவே கழித்துக்கொண்டு வைத்த விலை. வட்டி குறைவான காலத்து வெளியீட்டில் வாங்குகிறவர் அதிகமாகக் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ரெப்போ 5.50-க்கு இறங்கியிருந்த 2025 ஆகஸ்டில் நாலெட்ஜ் ரியால்டி டிரஸ்ட் வந்தபோதும் இதையேதான் சொன்னேன். அது நல்ல ரீட்டா இல்லையா என்பது வேறு விஷயம், என்ன வட்டிக் காலத்தில் விலை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றேன்.

நான் எதைப் பார்ப்பேன் என்று கேட்கிறவர்களுக்கு: காலாண்டு முடிவு வந்ததும் ஒவ்வொரு ரீட்டும் ஒரு விளக்கக்காட்சி வெளியிடும். முதல் பத்துப் பக்கம் கண்ணாடிக் கட்டடமும் பச்சை மரமுமாக இருக்கும், வேகமாகத் தள்ளிவிடுங்கள். பின்னால் ஒரு பக்கத்தில், எந்த வருடம் எவ்வளவு கடன் முதிர்கிறது என்று பட்டைப் படம் இருக்கும். அதே பக்கத்திலோ அடுத்ததிலோ சராசரி வட்டி, நிலையான வட்டிக் கடன் எவ்வளவு, மிதக்கும் வட்டி எவ்வளவு, சொத்து மதிப்பில் கடன் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் வந்துவிடும். வரும் இரண்டு வருடத்தில் பெரிய பட்டை ஒன்று நின்றால், ரிசர்வ் வங்கி அப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசிக்க வேண்டும். கடன் 20-க்குள் என்றால் வட்டிச் செய்தியைப் படித்துவிட்டுக் காபி குடிக்கலாம். 40-ஐ நெருங்கினால் எவ்வளவு வருமானம் காட்டினாலும் நான் ஒதுங்கிவிடுவேன். பிறகு, எத்தனை சதவீத இடம் நிரம்பியிருக்கிறது, இந்த வருடம் எத்தனை குத்தகை முடிகிறது என்று பார்ப்பேன். விலை வரைபடத்தைக் கடைசியில் பார்ப்பேன், சில சமயம் பார்க்கவே மாட்டேன்.

வரியையும் விட்டுவிடாதீர்கள். 'வட்டி' என்ற பெயரில் வருகிற பகுதி முழுக்க உங்கள் வருமான வரி அடுக்கில் சேரும், பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். டிவிடெண்ட் பகுதிக்கு, கீழே இருக்கும் கம்பெனி எந்த வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்து, வரி இல்லாமலும் இருக்கலாம். இரண்டு ரீட்டும் ஏழு சதவீதம் தருகின்றன என்று விளம்பரத்தில் இருக்கும். முப்பது சதவீத அடுக்கில் இருப்பவர் கைக்கு ஒன்றில் ஐந்தும் மற்றொன்றில் ஆறரையும் வரலாம். டெபாசிட் வட்டியோடு ஒப்பிடும்போது வரி போக மிஞ்சுவதை வைத்து ஒப்பிடுங்கள். பெரியப்பாவுக்கு வேறு வருமானம் அதிகமில்லை, வரியும் அதிகமில்லை. அவருக்கு அந்த 8.2 முழுசாகக் கைக்கு வந்தது. அவர் கணக்கில் அவர் சொன்னது சரிதான்.